போயிட்டு வா என்று அனுப்பிய தண்ணீர்

கரட்டுப்புதூர் ஜவ்வரிசி மில்லில் வேலை செய்த அறுபத்து மூன்று பேரில் தண்ணீரை மரியாதையோடு வழியனுப்பி வைத்தது பாவாயி ஒருத்திதான் என்பதால், திரும்பி வந்த தண்ணீர் முதலில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றதில் ஊரில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இருக்கவில்லை.

அவளுக்கு மில்லில் தக்கை பிடுங்குகிற வேலை. தோலுரித்துக் கழுவி அரைத்த குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியின் பால், சிமெண்டுத் தொட்டியில் எட்டு மணி நேரம் அசையாமல் நின்று, மாவு அடியில் வெண்ணெய் போல இறங்கித் தண்ணீர் மேலே தெளிந்ததும், தொட்டியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக அடித்திருக்கும் மரத் தக்கைகளை அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். முதலில் தெளிந்த தண்ணீர் வரும், அடுத்து மஞ்சள் பாய்ந்தது வரும், கடைசியில் மாவோடு ஒட்டிக் கிடந்து புளித்த தண்ணீர் வரும். எல்லாம் ஒரே வாய்க்காலில் விழுந்து, கிழங்கு கழுவின செம்மண் தண்ணீரோடு கலந்து, பின்சுவரில் இருக்கும் ஓட்டை வழியாக ஓடைக்குப் போய்விடும். இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு தக்கையைப் பிடுங்கும்போதும் பாவாயி பெரியாண்டிச்சியம்மனை மனசில் நினைத்துக்கொண்டு, "போயிட்டு வா தாயே" என்று சொல்லித்தான் அனுப்புவாள். கிளம்புகிறவர்களை வெறுமனே "போ" என்று அனுப்புகிற பழக்கம் அவள் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. மனுஷருக்கு ஒரு சொல், தண்ணீருக்கு ஒரு சொல்லா?

அப்படிச் சொன்னதற்கு, தை மாதம் கடைசிச் செவ்வாய்க்கிழமை விடிகாலையில், வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தவளின் முன்னால் தண்ணீர் வந்து நின்றது. முழங்கால் உயரம், மாட்டு வண்டி அகலம், சுற்றி ஒரு வரப்போ மறைப்போ கிடையாது. கிழங்குத் தோல் இரண்டு மூன்று மிதக்க, புளித்த வாடையோடு, கூப்பிட்ட வீட்டுக்கு வந்த விருந்தாளி உள்ளே வரச் சொல்லட்டும் என்று தயங்குவது போல, படிக்கு ஒரு முழம் தள்ளியே நின்றது.

பாவாயி கையிலிருந்த சாணிக் கரைசலைக் கீழே வைத்தாள். "வந்துட்டியா?" என்றாள்.

அவள் வேலைக்கு நடந்தாள், தண்ணீரும் பின்னாலேயே நடந்தது. மினி பஸ்ஸில் ஏறினாள், கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, அதுக்கு லக்கேஜ் போடணுமே!" என்றான்.

"அது நடந்தே வரும் சாமி, நீ வண்டிய எடு."

பஸ் மேட்டில் ஏறியபோது தண்ணீரும் மேட்டில் ஏறியது. பஸ்ஸில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். இரண்டாவது நிறுத்தத்துக்குள் பேச்சு மஞ்சள் விலைக்கும் மாப்பிள்ளை பார்ப்பதற்கும் திரும்பிவிட்டது.

மறுநாள் கிழங்கு கழுவுகிற பெண்கள் பின்னாலும் வந்துவிட்டது. அவர்களுடையது செம்மண் கலங்கின தண்ணீர், கன்றுக்குட்டி அளவு, குறும்பு ஜாஸ்தி, ஆடுகளை விரட்டும். துணித் தூளியில் மாவை ஆட்டி உருட்டி முத்தாக்குகிற கஸ்தூரிக்கு ஒரு அண்டா அளவுதான் வந்தது என்றாலும், வாய் பெரிதாக இருந்ததால் அவள்தான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். முதலாளி ரத்தினசபாபதிக்கு வந்ததுதான் வரத்து! லாரி உயரத்துக்கு எழும்பி, அவர் கார் போகிற இடமெல்லாம் பின்னால் போய், ஆத்தூர் மண்டபத்தில் அவர் மச்சினன் மகள் கல்யாணத்துக்குப் போனபோது கார் நிறுத்துகிற இடத்தில் மூன்று கார் இடத்தை அடைத்துக்கொண்டு பொறுமையாக நின்றது. தாலி கட்டுகிற நேரத்தில் மேளக்காரர்கூட மூக்கைச் சுருக்கினார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மூன்றே நாளில் ஊர் பழகிக்கொண்டது. ரேஷன் கடை வரிசையில் ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே தண்ணீருக்கும் இடம் விட்டார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கஸ்தூரியின் தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டார்கள். நேரில் பார்க்க வந்த கிராம நிர்வாக அலுவலர் இதை நீர்நிலை என்று எழுதுவதா, குடியிருப்போர் என்று எழுதுவதா என்று தெரியாமல், டீயைக் குடித்துவிட்டு, "மேல கேட்டுச் சொல்றேன்" என்று போய்விட்டார். வெள்ளிக்கிழமை பூசாரியைக் கூப்பிட்டு மஞ்சள் தூவி, குங்குமம் போட்டு, தேங்காய் உடைத்தார்கள். தண்ணீர் மஞ்சளையும் வாங்கிக்கொண்டது, குங்குமத்தையும் வாங்கிக்கொண்டது, ஆனால் போகவில்லை. முன்னைவிட நிறமாக நின்றதுதான் மிச்சம்.

ஊருக்கு இது ஒரு கூத்து. பாவாயிக்கு அப்படி இல்லை.

அவள் ஒரே மகள் சிந்துஜாவை ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். தலைப்பிரசவம். தை இரண்டாம் வெள்ளி வளையல் போட்டு, ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு போய் இறக்கி, அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று கட்டிலுக்குப் புதுக் கயிறுகூடப் போட்டு வைத்திருந்தாள். சம்பந்தியம்மா குணவதி அனுப்பவில்லை. "உங்க ஊர்ல கிணத்துத் தண்ணி எடுத்து மூஞ்சி கழுவினாலே புளிச்ச மாவு வாடை அடிக்குதுங்களே சம்பந்தி. அதுலயா பச்சப் புள்ளைய குளிப்பாட்டுவீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அந்த வாடை எங்கிருந்து கிணற்றுக்கு வந்தது என்று பாவாயிக்குத் தெரியாதா? இந்தக் கையால்தானே பிடுங்கி விட்டாள்!

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போன் வந்தது. "மாசி முதல் வெள்ளி நானே கூட்டிட்டு வர்றேனுங்க. தண்ணியப் பாப்பேன். சரிப்பட்டு வந்தா விட்டுட்டுப் போறேன். இல்லைன்னா அதே வண்டியில திருப்பிக் கூட்டிட்டு வந்துருவேன், மனசுல வெச்சுக்காதீங்க."

"அம்மா," என்று இடையில் சிந்துஜாவின் குரல் கேட்டது. "நான் அங்கதாம்மா வருவேன்." அதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

வெள்ளிக்கு ஐந்தே நாள். வாசலிலோ புளித்த தண்ணீர் ஒரு வண்டி அகலத்துக்குக் காவல் நிற்கிறது. பாவாயி அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, என்ன வேண்டுவது என்றே தெரியாமல் வெகுநேரம் கை கூப்பிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை முதலாளி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். ரத்தினசபாபதி கெட்டவர் அல்ல, அவசரக்காரர். அவர் அறைக்கு வெளியே லாரி உயரத் தண்ணீர் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றதால் உள்ளே பகலிலேயே விளக்கு எரிந்தது.

"பாவாயக்கா, வான்னு கூப்பிட்டது நீ. உன் வாயால போன்னு சொல்லிரு, விஷயம் முடிஞ்சிரும்."

"போன்னா... போயிட்டு வான்னுதானுங்களே சொல்லுவோம்?"

"அந்த வா வேண்டாங்கறேன்! போ, திரும்பி வராதேன்னு ஒரே ஒரு தடவ சொல்லு. உன் மக வர்றா இல்ல? வாசல் சுத்தமாகும். எனக்கும் சன்னல் தெரியும்."

பாவாயி நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தாள். வருகிற வழியெல்லாம் அந்தச் சொல் நாக்கு நுனியில் நின்றது. மகளின் முகம் வந்து வந்து போனது. கோயிலுக்குப் பக்கத்தில் நின்று, சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்து, திரும்பித் தண்ணீரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பழக்க தோஷம், சொல்வதற்கு முன்னால் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். மேலே குளிர்ச்சி, நடுவில் வழவழப்பு, அடியில் வெதுவெதுப்பு. இருபத்திரண்டு வருஷமாகக் கை அறிந்த அதே தண்ணீர். மில் போர் குழாயில் வருவதற்கு முன்னால் இது அவள் கிணற்றிலும்தான் ஊறியிருக்கும், அதற்கு முன்னால் கரட்டுக் குன்றின்மேல் மழையாகப் பெய்திருக்கும், அந்த மழையில் சின்னப் பிள்ளையாக சிந்துஜா ஆடியிருப்பாள். இதைப் பார்த்தா திரும்பி வராதே என்பது?

"என்னால முடியாது தாயே," என்று தண்ணீரிடமே சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். தண்ணீரும் வந்து வாசலில் நின்றது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் மாட்டேன் என்று சொன்னதும் ரத்தினசபாபதிக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்து, இடுப்பில் கை வைத்து, லாரி உயரத் தண்ணீரை அண்ணாந்து பார்த்து, ஊரே கேட்கக் கத்தினார். "போய்த் தொல! இனி இந்தப் பக்கம் எட்டிப் பாக்காதே!"

தண்ணீர் அதைக் கேட்டது. ஒரு நொடி அசையாமல் நின்றது. பிறகு, பந்தியில் இலை போட்டபின் எழுப்பிவிடப்பட்ட விருந்தாளி எப்படிப் போவாரோ அப்படி, யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பி நடந்தது. பாவாயியின் தண்ணீர் அதன் பின்னால் போனது, கஸ்தூரியின் அண்டாத் தண்ணீர் போனது, செம்மண் கன்றுக்குட்டிகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போயின. அதோடு நின்றதா? மில் போர் காற்றை இழுத்துக் கொக்கரித்தது. தொட்டியில் நின்ற பால் தண்ணீர் மாவை மட்டும் விட்டுவிட்டுக் கிளம்பியது. பாவாயியின் கிணறு கல் தெரிய இறங்கியது. குடத்தில் பிடித்து வைத்தது மட்டும்தான் ஊருக்கு மிச்சம்.

மில் கேட்டில் பதினான்கு லாரி கிழங்கு நின்றது. பிடுங்கின கிழங்கு இரண்டு நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெட்டுவிடும். டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். நிலக்காரர்கள் ரத்தினசபாபதியின் வேட்டியைப் பிடிக்காத குறை. அவர் படியில் உட்கார்ந்து, வியர்த்துப் போய், எதிரே வெறும் வெளிச்சமாக இருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நல்லா தெரியுதுங்களா சன்னலு?" என்றாள் கஸ்தூரி.

"ஏ, சும்மா இரு புள்ள," என்று பாவாயி அவளை அடக்கினாள்.

"சும்மா இருந்தா வந்துருமாக்கா? எங்க சித்தப்பன் கல்யாணத்துல பத்திரிகைல பேரு போடலைன்னு கோவிச்சிட்டுப் போனவரு, வெத்தல பாக்கு வெச்சு ஏழு தடவ அழைச்சதுக்கப்புறம்தான் வந்தாரு. இதுவும் அப்படித்தான். அழைக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவள் சொன்னது எல்லாருக்கும் சரி என்றே பட்டது. தாம்பாளம் வந்தது, வெற்றிலை பாக்கு வந்தது, பூவும் பழமும் மஞ்சளும் வந்தன, பம்பைக்காரர்கள் இரண்டு பேர் யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். உச்சி வெயிலில் ஊரே வாய்க்கால் ஓரமாக நடந்து, ஓடை திரும்புகிற பாறைக்குப் போனபோது, அத்தனை தண்ணீரும் அங்கே ஒன்றாக உட்கார்ந்திருந்தது. கலங்கியதும் புளித்ததும் தெளிந்ததும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ரத்தினசபாபதி செருப்பைக் கழற்றினார். தாம்பாளத்தை நீட்டினார். "தெரியாம பேசிட்டேன். வாங்க," என்றார். தண்ணீர் அசையவில்லை. இரண்டாம் தடவை அழைத்தார். மூன்றாம் தடவை பம்பை அடித்தது. நான்காம் தடவை அவர் குரல் உடைந்தது. ஒரு சுழிகூடத் திரும்பவில்லை.

அப்போதுதான் பாவாயிக்குப் பொறி தட்டினது போல ஒன்று புரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"முதலாளி, வான்னு கூப்பிடறோமே, வந்தா எங்க உக்காரச் சொல்லுவோம்?"

"என்னக்கா சொல்ற?"

"நானும் இத்தனை வருஷமா போயிட்டு வான்னு வாய் நிறையச் சொன்னேன். வந்தா ஒரு பாய் விரிக்க இடம் வெச்சிருந்தேனா? வாசல்லயே நிக்க வெச்சேன். நீங்களும் அப்படித்தான். பின்ன யாருதான் வருவாங்க?"

பாவாயி நிறுத்தவில்லை. அவ்வளவு பேசுகிறவள் அல்ல அவள், ஆனால் அன்றைக்கு யாரோ உள்ளே இருந்து தள்ளியது போல வந்தது. "முதல் தக்கையில வர்றது கண்ணாடியாட்டம் இருக்குதுங்க. அத ஏனுங்க ஓடைக்கு விடணும்? நாளைக்கு வர்ற கிழங்குல மண்ணு போக அதுலயே கழுவலாமே, புதுத் தண்ணி எதுக்கு? மஞ்சப் பாஞ்சத பக்கத்துத் தொட்டியில தேக்கி, அடுத்த கழுவலுக்கு வெச்சுக்கலாம். கழுவின செம்மண் தண்ணிய ஒரு குழியில நிறுத்தினா சேறு கீழ எறங்கிரும், மேல இருக்கறது கிழங்குக் காட்டுக்கே போகும். புளிச்சத மட்டும் தனியா மூடி வெச்சு, சாணியக் கரைச்சு விட்டா, அதுல கேஸ் வருமாமே, முத்து வறுக்கற அடுப்புக்கு ஆகும்னு அன்னிக்கு மில்லப் பாக்க வந்த எஞ்சினியர் சொன்னது உங்களுக்கு மறந்துருச்சுங்களா? நாலு தண்ணிக்கு நாலு வழி வேணும். எல்லாத்தையும் ஒரே வாய்க்கால்ல தள்ளி, கலந்து கட்டி, நாறுதுன்னு சொன்னா, நாறாம என்னங்க பண்ணும்?"

எஞ்சினியர் போட்டுக் கொடுத்த வரைபடம் ரத்தினசபாபதியின் பீரோவில் ஆறு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் பார்ப்போம், அடுத்த வருஷம் பார்ப்போம் என்று அவர் தள்ளிக்கொண்டே வந்தது எல்லாருக்கும் தெரியும். அவர் தாம்பாளத்தைப் பாறைமேல் வைத்தார்.

"எத்தன நாள் ஆகும்?"

"என் மக வெள்ளிக்கிழம வர்றாங்க," என்றாள் பாவாயி.

அடடா, அந்த இரண்டு நாளை எப்படிச் சொல்வது! புதன் விடிவதற்குள் ஜேசிபி வந்து மில் பின்பக்கத்தைத் தோண்டத் தொடங்கியது. கிழங்கு லாரி டிரைவர்கள் ஹாரனை விட்டுவிட்டு மண்வெட்டியைப் பிடித்தார்கள். தோலுரிக்கிற பெண்கள் கத்தியைச் செருகி வைத்துவிட்டு மண் சுமந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திச் செங்கல் கைமாற்றினார். ஆத்தூரிலிருந்து கறுப்பு ரப்பர் விரிப்பு வந்தது. ஊர் மாடுகள் எல்லாம் போட்ட சாணி கூடைகூடையாக வந்து குவிந்தது. குடிக்கக் குடத்துத் தண்ணீர் தீர்ந்தபோது பக்கத்து ஊரிலிருந்து கேட்காமலே டிராக்டரில் டேங்க் வந்தது. வெயிலில் களைத்தவர்கள் மாறி மாறி நிழலில் படுத்தார்கள், எழுந்தார்கள், மறுபடி தோண்டினார்கள். ரத்தினசபாபதி வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் மண்சட்டியோடு ஓடினார். "முதலாளி, சும்மாடு வெச்சுக்கங்க, வழுக்கை சுட்டுரப் போகுது!" என்று கஸ்தூரி கத்த, பின்சுவர் அதிரச் சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார். பாவாயி ஒவ்வொரு தக்கைக்கும் கீழே ஒரு தனி வாய்க்கால் போகிறதா என்று கையை வைத்துச் சரிவு பார்த்துக்கொண்டே நடந்தாள்; அவள் உதடு மட்டும் அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை வெயில் சாயும்போது கடைசிப் பூச்சு முடிந்தது. மறுபடி ஓடைக்குப் போனார்கள். இந்தத் தடவை தாம்பாளம் பாவாயி கையில்.

"இடம் போட்டாச்சு தாயே. ஆளுக்கொரு இடம். வா."

தண்ணீர் திரும்பியது! முதலில் ஒரு சுழி, பிறகு ஒரு அலை, பிறகு மொத்தமாக எழுந்து, பம்பைச் சத்தத்துக்கு முன்னால், ஊருக்கு முன்னால், அவசரம் அவசரமாக மேட்டில் ஏறி ஓடியது. ஊர் பின்னால் ஓடியது. பின்சுவருக்கு வந்ததும் தண்ணீர் நின்று, நான்கு வழியையும் பார்த்து, ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் பந்தியில் பிரிந்து உட்காருகிறவர்களைப் போலப் பிரிந்தது. தெளிந்தது கிழங்கு கழுவுகிற தொட்டிக்குள் குதித்தது. மஞ்சள் பாய்ந்தது அதற்குப் பக்கத்துத் தொட்டியில் தன் முறைக்குக் காத்து அமர்ந்தது. செம்மண் கன்றுக்குட்டிகள் குழிக்குள் சரிந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு படுத்தன. புளித்தது மட்டும் ரப்பர் விரிப்புக்கு அடியில் நுழைவதற்கு முன்னால் பாவாயியின் காலருகே ஒரு நிமிஷம் நின்றது. அவள் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போர் குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுப் பொழிந்தது, பாவாயியின் கிணறும் பழைய மட்டத்துக்கு ஏறியது. லாரிகள் உள்ளே நுழைந்தன. நீலம் பாய்ந்துவிட்ட மூன்று லாரிக் கிழங்கை மட்டும் மாட்டுக்குத் தீனியாகத் தள்ள வேண்டியிருந்தது. அதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ராசிபுரத்து வண்டி வந்தது. குணவதி முன்னால் இறங்கினாள், பட்டுச் சேலை, கறார் முகம். பின்னால் சிந்துஜா, இரண்டு கை நிறைய வளையல், வயிறு முன்னால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அம்மாவைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

குணவதி நேராகக் கிணற்றடிக்குப் போனாள். வாளியை இறக்கினாள். இறைத்து, கையில் ஏந்தி, முகர்ந்தாள்.

பாவாயி பின்னாலேயே போய் நின்றாள். பொய் சொல்லிவிடலாம். மஞ்சள் வாடை என்று சொல்லலாம். அவள் சொல்லவில்லை. "இன்னும் லேசா புளிப்பு இருக்குதுங்க சம்பந்தி. நேத்துதான் வழி மாத்தினோம். ஊத்து பூரா தெளியறதுக்கு ஒரு மழக்காலம் போகணும். அதுவரைக்கும் புள்ளைய குளிப்பாட்ட மேட்டுத் தெருக் குழாயில நானே சுமந்துட்டு வர்றேன். இல்ல, கூட்டிட்டுத்தான் போவேன்னா..." என்று மகளைப் பார்த்தாள்.

குணவதி கையிலிருந்த தண்ணீரைக் கீழே விடவில்லை. பார்த்து, வாளிக்குள்ளேயே திருப்பி ஊற்றினாள். அதைச் செய்யும்போது அவள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"சம்பந்தி," என்றாள் மெதுவாக. "கொஞ்சம் வெளிய வர்றீங்களா?"

வண்டிக்குப் பின்னால், வேப்பமர நிழலில், வெள்ளை வெளேரென்று, அரிசி கழுவின தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. இரண்டு எருமை அளவு. ஓரத்தில் உளுந்துத் தோல் மிதந்தது. ராசிபுரத்திலிருந்து நடந்து வந்த களைப்பில் அலையலையாக மூச்சு வாங்கியது.

"நாலு நாளா இப்படிங்க. எங்க இட்லி மாவுக் கடைக்கு தெனம் எட்டு மூட்ட அரிசி ஊறுது, கழுவறதெல்லாம் தெருவுலதான் ஊத்தறோம். வேலைக்காரங்க ஊத்தினப்ப எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. இவ வந்து, மாசமா இருக்கறவ சும்மா உக்கார மாட்டேன்னு, ஊத்தறப்ப எல்லாம் என்னமோ சொல்லிச் சொல்லி ஊத்தியிருக்கா..."

சிந்துஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா சொல்றதத்தான் சொன்னேன் அத்த."

"தெரு பூரா சிரிக்குது சம்பந்தி," என்றாள் குணவதி. கறார் முகம் கலைந்து, பாவம், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள். "உங்க தண்ணியக் கொற சொன்ன வாயி இது. இத என்னங்க பண்றது? போன்னு சொல்லிரட்டுங்களா?"

"ஐயோ, அத மட்டும் சொல்லிராதீங்க!" என்று பாவாயி பதறி, ஓடிப் போய் வெள்ளைத் தண்ணீருக்குள் கையை விட்டாள். மேலே குளிர்ச்சி. அடியில் இதம். முகத்தில் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. "இதுல ஒரு குத்தமும் இல்லைங்க சம்பந்தி. மாடு கண்ணு வெச்சிருக்கறவங்க கைல கெடச்சா விடவே மாட்டாங்க. மறு கழுவல் தண்ணிய முதல் கழுவலுக்கு எடுத்துக்கலாம். வாங்க, மில்லுக்குப் போயி எங்க நாலு வழியயும் காட்டறேன். ஒரு நாள்ல புரியாது, ரெண்டு மூணு நாள் இருந்து பாக்கணும்."

குணவதி மகளைப் போலவே வைத்துக்கொண்டிருந்த மருமகளைப் பார்த்தாள். மூச்சு வாங்குகிற தண்ணீரைப் பார்த்தாள். பிறகு வண்டிக்காரர் பக்கம் திரும்பி, தன் பழைய அதிகாரக் குரலில் சத்தம் போட்டாள்.

"என்னப்பா பாத்துட்டு நிக்கற? புள்ளையோட பெட்டிய எறக்கு. சீட்டுக்கு அடியில மஞ்சப் பை இருக்குது பாரு, அதையும் எறக்கு. அது என்னோடது."